பின்சில்லுப் பிறேக்கும் பஸ்ஸில் போன கலியாணமும்

சில மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை, குடும்பத்துடன் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். பளையை நெருங்கும்போது, வழக்கம்போல மாட்டுப் பட்டியொன்று தெருவோரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அவற்றுள் ஒரு நாம்பன், என்ன நினைத்ததோ, தெருவின் நடுவே வந்து நின்று எங்களைப் பார்த்தது. பிறேக்கை மிதித்தேன். மிதிகட்டை நான் எதிர்பார்த்த இடத்தில் நில்லாமல் ஏறக்குறையத் தரைமட்டும் போயிற்று. காலை எடுத்து மறுபடி மிதித்தபோதுதான் வண்டி பிடித்தது. பிடித்ததும் இடப்பக்கமாக ஓர் இழுவை இழுத்து நின்றது. நாம்பனுக்கும் எங்களுக்கும் இடையில் இரண்டு முழம் இருந்திருக்கலாம். பின்னாசனத்திலிருந்த மாமி "முருகா" என்றார். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு அச்சத்தைத் தந்தது.

முதன்முறை மிதிக்கப் பிடியாத பிறேக் இரண்டாம் முறை மிதிக்கப் பிடிக்குமாயின், பெரும்பாலும் உள்ளே இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். முதல் மிதி அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே செலவாகிவிடுகிறது. மிதிகட்டை பஞ்சு போல மெத்தென்றிருந்தால் குழாயினுள் காற்றுப் புகுந்திருக்கிறது. அமர்த்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்குமாயின் எங்கோ திரவம் நழுவுகிறது. இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு மாதம் வாளாவிருந்தேன். தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் மேசைமேல் குவிந்திருந்தன என்பது ஒரு சாட்டு. கல்லூரிக்கும் சந்தைக்குமாக மெதுவாகத்தானே ஓடுகிறோம் என்பது மற்றொன்று.

அந்த மாத முடிவில் என் மகனுக்குச் சாரதிப் பயிற்சிக்கான அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தது. அவன் மோட்டார் வண்டியின் சாவியைக் கேட்ட அன்றுதான் அந்த நாம்பனின் கண்கள் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தன. "முதலில் பின்சில்லைக் கழற்றுவோம், பிறகு சாவி தருகிறேன்" என்றேன்.

எங்கள் வண்டி 1963 ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் 1000. தகப்பனார் வைத்துவிட்டுப் போனது. அலெக் இசிகோனிஸ் என்னும் எந்திரவியலாளர் வரைந்த இந்த வண்டி 1948 இல் இலண்டனிலே முதன்முதல் காட்சிக்கு வந்தது. 1970 களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழப் பதினாறு இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்டின் வண்டிகளும் இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காதல் மாத்திரம் காரணமன்று. போர்க்காலத்தில் புது வண்டி வர வழியில்லை. 1990 களில் பெற்றோலும் வரவில்லை. கொஞ்சப் பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எங்கள் வீதிகளில் அக்காலத்துப் புகையின் மணம் இன்றும் என் நாசியில் இருக்கிறது. பின்னர் 2020 இல் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, கழிக்க இருந்த பழைய வண்டிகளுக்கும் மறுபடி மரியாதை வந்தது.

இனி, பின்சில்லுப் பிறேக்கின் அமைப்பைச் சற்றே பார்ப்போம். கண்ணால் காணாத பொருளைக் கையால் திருத்த முடியாது.

சில்லைக் கழற்றினால் வார்ப்பிரும்பினாலான ஒரு கிண்ணம் தெரியும். இதுவே றம். சில்லோடு சேர்ந்து சுழல்வது. மைனரின் பின்பக்கத்தில் இது ஏழு அங்குல விட்டமுள்ளது. இதனுள்ளே, சுழலாத தகடொன்றின்மேல், பிறை வடிவமான இரண்டு சூக்கள் எதிரெதிராக இருக்கின்றன. சூவின் வெளிவளைவில் உராயும் பொருள் ஒட்டப்பட்டோ தறையப்பட்டோ இருக்கும். அதனை லைனிங் என்பர். இரண்டு சூக்களுக்கும் நடுவே ஒரு சின்னச் சிலிண்டர். மிதிகட்டையை அமுக்கும்போது, சாரதியின் காலடித் தரைக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து திரவம் குழாய் வழியே வந்து இந்தச் சிலிண்டரின் முசலத்தைத் தள்ள, சூக்கள் விரிந்து றம்மில் உராய்கின்றன. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எவ்விடத்தும் குறைவின்றிப் பரவும் என்ற பஸ்காலின் தத்துவத்தைப் பத்தாம் வகுப்பிற் படித்த மாணவருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. பஸ்கால் பதினேழாம் நூற்றாண்டினர். அவர் தத்துவம் மோட்டார் வண்டியின் சில்லுக்கு வர இருபதாம் நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது.

இந்தச் சிறு கருவிக்கு இடும் வேலை எவ்வளவு என்று என் மகனைக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். ஆட்களோடு சேர்த்து வண்டியின் நிறை 1000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அதன் இயக்கச் சக்தி ஏறத்தாழ 1,39,000 யூல். ஒரு லீற்றர் தண்ணீரை 33 பாகை சூடாக்கப் போதுமான வெப்பம். அவ்வளவும் மூன்று விநாடிக்குள் நான்கு றம்களிலும் இறங்கவேண்டும். வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்கு. இந்தக் கணக்கைச் செய்து முடித்தபின் அவன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். நாம்பன் வந்தபோது நான் என்ன வேகத்தில் ஓடினேன் என்று கேட்டான். நான் கேளாதவன் போல ஜக்கைத் தேடப் போய்விட்டேன்.

நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. ஆதலால் பெரும்பங்கு வேலையை முன்பிறேக்குகளே செய்கின்றன. பின்பிறேக் சோர்ந்தாலும் வண்டி எப்படியோ நின்றுகொள்ளும். இதனாலேயே பின்சில்லை எவரும் திறந்து பார்ப்பதில்லை. மைனரின் முன்சில்லில் இரண்டு சூக்களும் சுழற்சியின் திசையிலே அமைந்து, றம்மின் ஓட்டத்தால் தாமே மேலும் இறுகிப் பிடிக்கின்றன. பின்சில்லிலோ ஒரு சூ அப்படியும் மற்றது அதற்கு எதிராகவும் அமைந்திருக்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று நான் மாணவனாயிருந்தபோது நினைத்ததுண்டு. காரணம் கைப்பிறேக். மேட்டில் நிறுத்திய வண்டி முன்னும் உருளலாம், பின்னும் உருளலாம்; இரு திசையிலும் பிடிக்கவேண்டுமானால் ஒரு சூ முன்னோட்டத்தைப் பார்க்க, மற்றது பின்னோட்டத்தைப் பார்க்கவேண்டும். கைப்பிறேக் திரவத்தை நம்பியதன்று. கம்பியால் இழுபடுவது. இழுப்பதும் இந்தப் பின்சில்லுகளையே.

இன்னொன்றையும் மனத்தில் இருத்தவேண்டும். பிற்காலத்து வண்டிகளில் திரவக் குழாய் இரண்டு தனிப்பிரிவுகளாக இருக்கும். ஒன்று ஒழுகினால் மற்றது பிடிக்கும். எங்கள் மைனரில் நான்கு சில்லுக்கும் ஒரே பிரிவு. பின்சில்லொன்றில் ஒழுக்கு உண்டாயின் போவது அந்தச் சில்லின் பிறேக் மாத்திரமன்று. முன்பிறேக்கும் சேர்ந்தே போகும். அப்பொழுது எஞ்சுவது கைப்பிறேக் ஒன்றே. அதுவும் ஒழுகி ஈரமான அதே சூக்களைத்தான் இழுக்கும்.

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினோம். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்தோம். கைப்பிறேக்கைத் தளர்த்தினாலன்றிப் பின்றம் கழலாது. ஆதலால் கட்டைதான் காவல். சில்லின் நட்டுகளை, சில்லு தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிடவேண்டும். பிறகு ஜக்கால் உயர்த்தி, அச்சுக்குழாயின் கீழ் வயிரம் பாய்ந்த பனங்குற்றிகளை நிறுத்தி, பாரத்தை அவற்றின்மேல் இறக்கினோம். ஜக் என்பது உயர்த்துவதற்கு, தாங்குவதற்கன்று. சிலர் சீமெந்துக் கல்லை, அதிலும் உள்ளே பொள்ளலான கல்லை, அடுக்கிவிட்டுக் கீழே படுப்பதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கல் வெடிக்குமுன் முன்னறிவித்தல் தருவதில்லை. பனங்குற்றி இல்லாதவர் இரும்புத் தாங்கி இரண்டு வாங்கட்டும். அதுவும் இயலாதவர் இந்த வேலையைத் தொடாதிருக்கட்டும்.

றம்மைப் பிடித்திருப்பவை இரண்டு திருகாணிகள். அறுபது ஆண்டுத் துருவும் உப்புக் காற்றும் அவற்றைத் தின்று வைத்திருந்தன. துருவிளக்கும் எண்ணெய் விட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து, ஸ்குறூ றைவரைப் பொருத்தி அதன் தலையில் ஓர் அடி போட்டுத் திருப்ப இளகின. ஆத்திரப்பட்டிருந்தால் தலை உடைந்திருக்கும். றம்மும் உடனே வரவில்லை. உள்ளே சூக்கள் றம்மின் உட்சுவரைக் கௌவிக்கொண்டிருக்கும். சரிப்படுத்தும் திருகைப் பின்னோக்கித் தளர்த்தி, மரச்சுத்தியலால் சுற்றிவரத் தட்டினால் அசையும்.

தட்டுவதற்கு முன் மகனின் முகத்தில் மூடியைக் கட்டுவித்தேன், நானும் கட்டினேன். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். கூரைத் தகட்டில் இருக்கும் அதே கல்நார். அதன் நுண்ணிய தூசி நுரையீரலிற் புகுந்தால் பல ஆண்டுகளின் பின் புற்றுநோயாக வெளிப்படலாம். இங்கிலாந்தில் 1999 இல் கல்நாரை முற்றாகத் தடைசெய்தார்கள். ஆயினும் எந்தக் காலத்து லைனிங் உள்ளே இருக்கிறதென்று திறக்குமுன் யார் அறிவார்? ஆகையால் றம்மினுள் இருக்கும் கரிய தூசியை வாயால் ஊதக்கூடாது. காற்றுப் பம்பாலும் ஊதக்கூடாது. உலர்ந்த தூரிகையாலும் தட்டக்கூடாது. சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையிலிட்டுக் கட்டி எறிந்துவிடவேண்டும். கராஜ்களிலே றம்மைக் கழற்றியதும் "பூ" என்று ஊதுகின்ற பையன்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும். சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மாத்திரம் கழற்றவேண்டும். எந்தச் சுருள்வில்லின் கொக்கி எந்தத் துளையில் இருந்தது என்று மறந்துபோனால் மற்றப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். என் மகன் கைத்தொலைபேசியிற் படம் எடுத்துவைத்தான். நான் பழக்கதோஷத்தால் ஒரு தாளில் வரைந்துவைத்தேன். கடைசியில் இரண்டும் தேவைப்பட்டன.

இடப்பக்கம் குறையின்றிக் கழன்றது. லைனிங் தேய்ந்து, தறைகளின் தலை தெரியத் தொடங்கியிருந்தது. இன்னுஞ் சில நூறு கிலோமீற்றர் ஓடியிருந்தால் தறை றம்மைக் கீறியிருக்கும். புதுச் சூக்கள் முன்னரே வாங்கி வைத்திருந்தோம். சூக்களை எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் ஒருசேர மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வலப்பக்கத்து றம்மை இழுத்தவன் மகன். "அப்பா, இஞ்ச பாருங்கோ, உள்ளுக்கு ஈரமாக் கிடக்கு" என்றான்.

ஈரந்தான். தூசி சேறாகி, சூவின் கீழ்ப்பாதி கறுத்துப் பளபளத்தது. நாம்பனைக் கண்டு மிதித்தபோது வண்டி இடப்பக்கம் இழுத்ததன் இரகசியத்தில் ஒரு பங்காவது இங்கே இருந்தது. வலப்பக்கச் சூ வழுக்கியிருக்கிறது. ஆனால் அந்த ஈரம் எது? பின்னச்சின் எண்ணெய் அடைப்பைக் கடந்து வந்ததா? சிலிண்டரிலிருந்து வந்ததா?

எங்கள் ஒழுங்கையின் முடிவில், முன்னாளில் கராஜ் வைத்திருந்த வயோதிபர் ஒருவர் இருக்கிறார். சத்தம் கேட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "அண்ணை, இது அச்சு எண்ணெயோ, பிறேக் ஒயிலோ?" என்று கேட்டேன்.

"மாஸ்டர், மூக்கால பாருங்கோ. அச்சு எண்ணெய் எண்டால் கந்தக மணம் அடிக்கும். பிறகு ரெண்டு துளி தண்ணி விட்டுப் பாருங்கோ" என்றார்.

கந்தக மணம் இல்லை. தண்ணீர் விட்டுத் துடைத்ததும், எண்ணெயைப் போல ஒதுங்கி நில்லாமல், அது தண்ணீரோடு கலந்து போயிற்று. பிறேக் ஒயில் என்று நாம் வழங்குவது எண்ணெய் இனத்தைச் சேர்ந்ததன்று. ஆதிகாலத்தில் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்து செய்தார்கள். இப்போது பெரும்பாலும் கிளைக்கோல் இனத் திரவம். தண்ணீரோடு கலப்பது அதன் இயல்பு. காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். டொட் 3 என்னும் தரத்துத் திரவம் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், சில்லு பிடியாது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது திரவத்தைப் புதுப்பிக்கவேண்டும். "ஒயில்" என்ற பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயை ஊற்றியவர்களும் உண்டு. அது சிலிண்டர்களின் றப்பரை ஊதவைத்து அத்தனை பிறேக்கையும் கெடுத்துவிடும். றப்பர்த் துண்டுகளை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவினாலும் அதே கதி.

சிலிண்டரின் தூசிமூடியைச் சற்றே விலக்கினேன். உள்ளிருந்து ஒரு துளி வந்து என் பெருவிரலில் விழுந்தது.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கடந்த ஓராண்டுக்குள் மூன்று தடவை, கால்விரிப்பின் கீழிருக்கும் மூடியைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டருக்குத் திரவம் ஊற்றியிருக்கிறேன். லைனிங் தேயத் தேயத் திரவம் குறைவது இயல்பே என்று மனைவிக்கு விளக்கமும் கூறியிருக்கிறேன். பௌதிகம் படிப்பிப்பவன் சொன்னால் வீட்டில் நம்பத்தானே வேண்டும்? அந்த விளக்கம் தட்டுப் பிறேக் உள்ள புது வண்டிகளுக்குப் பொருந்தும். றம் பிறேக்கில் தேய்வைச் சரிப்படுத்தும் திருகு சூவை றம்முக்கு அருகே கொண்டுவந்துவிடும். திரவம் குறைய நியாயமில்லை. குறைந்தால் அது எங்கோ போகிறது. எங்கே போகிறது என்று நான் ஒரு தடவையாவது கேட்கவில்லை. என் மாணவனொருவன் விடைத்தாளில் அப்படி எழுதியிருந்தால் புள்ளி கொடுத்திருக்கமாட்டேன்.

திங்கட்கிழமை காலை கிளிநொச்சியில் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்குக் கலியாணம். வண்டியிலேயே போவதாக மாமிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை பிற்பகல். யாழ்ப்பாணத்துக் கடைகளில் மைனருக்கான பின்சிலிண்டர் இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும். வியாழக்கிழமைக்கு முன் வராது என்றார்கள்.

மகன் ஒரு யோசனை சொன்னான். "உள்ளுக்கிருக்கிற றப்பரைத் துடைச்சுப் போட்டு, புதுச் சூவையும் போட்டு, ஒருக்காப் போட்டு வருவம் அப்பா. பிறகு கழட்டலாம்." கெட்ட யோசனையென்று சொல்லமுடியாது. ஓராண்டு ஓடிய வண்டி இன்னுமொரு நாள் ஓடாதா? எனக்கும் அந்த எண்ணம் வந்துகொண்டுதான் இருந்தது. அவன் வாய்விட்டுச் சொன்னான், அவ்வளவுதான் வேறுபாடு. நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அவர் "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொறுப்பைப் பாதியாக அவர் தலையில் வைத்துவிடலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முசலத்தை வெளியே எடுத்து, சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். துரு தின்ற பொட்டுகள். புது றப்பரும் அந்தச் சுவரில் நில்லாது. அந்த வழுவழுத்த சுவரில் இருக்கவேண்டியதுதான் பின்னாசனத்தில் இருக்கும் நால்வரின் காவல் என்று நினைத்துக்கொண்டேன். பின் சிலிண்டரைத் துணியிற் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வேறு எவருக்கும் பயந்தன்று.

வண்டி பனங்குற்றிமேல் இருக்க, நாங்கள் திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் போனோம். மாமி காஞ்சிபுரப் பட்டுச் சேலையோடு ஆனையிறவு வரையில் நின்றுகொண்டே வந்தார். அதன்பின்பே ஒரு பிள்ளை எழுந்து இடம் கொடுத்தது. கலியாண வீட்டில் "கார் எங்கே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் மனைவி ஒரே மறுமொழி சொன்னார்: "அவர் கழட்டி வைச்சிருக்கிறார்." அந்தச் சொற்களில் எத்தனை வகையான பொருள் வைக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வியாழக்கிழமை சிலிண்டர்கள் இரண்டு வந்தன. இடப்பக்கத்ததையும் மாற்றினோம், ஒரே வயதுடையவை ஒரே நோய்க்கு ஆளாகும். ஈரமான சூக்களைக் கழுவி உலர்த்திப் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. திரவம் ஊறிய லைனிங் சூடேறும்போது மீண்டும் கசியும். எறிவதே தக்கது.

பூட்டுவது கழற்றியதன் மறுதலை என்று கைந்நூல்கள் ஒரு வரியில் முடித்துவிடும். அந்த வரியை எழுதியவர் பிறேக்கின் சுருள்வில்லை இழுத்துப் பூட்டியிருக்கமாட்டார். இரண்டு சூக்களையும் வில்லோடு கோத்து, ஒன்றை முதலில் அதனிடத்தில் இருத்தி, மற்றதை ஸ்குறூ றைவரால் நெம்பி ஏற்றவேண்டும். கண்ணையும் விரலையும் காத்துக்கொள்க. சூ தகட்டில் உராயும் இடங்களில் வெப்பந் தாங்கும் கிறீஸ் ஒரு மெல்லிய பூச்சு. லைனிங்கில் ஒரு பொட்டும் படலாகாது. லைனிங்கை எண்ணெய்க் கையால் தொடவுங் கூடாது. றம் கழன்றிருக்கும் வேளையில் எவரும் மிதிகட்டையைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். தொட்டால் முசலம் வெளியே துள்ளிவிடும். எங்கள் வீட்டில் சாரதி ஆசனத்தின் கதவில் மகன் ஓர் அறிவித்தல் எழுதி ஒட்டினான்.

றம்மைப் பூட்டியபின், சில்லிலுள்ள துவாரத்தை உள்ளிருக்கும் திருகுக்கு நேராக வரும்வரை சில்லைச் சுழற்றி, திருகை வலஞ்சுழியாக முறுக்கிச் சில்லை அசையாமல் இறுக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு சொடுக்காகப் பின்வாங்கி, சில்லு உராயாமற் சுழலும் இடத்தில் நிறுத்தவேண்டும். கைப்பிறேக்கின் கம்பியைச் சரிப்படுத்துவது இதற்குப் பிற்பாடே. இதற்கு முன் அதனை இறுக்கினால், உள்ளே உள்ள தளர்வை வெளியே மறைத்ததாகும்.

இனிக் காற்றகற்றல். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சில்லில் தொடங்குவது வழக்கம். வலப்பக்கத்தில் சாரதி இருக்கும் எங்கள் வண்டியில் அது இடப் பின்சில்லு. சிலிண்டரின் வடிகாணியில் மெல்லிய றப்பர்க் குழாயொன்றை மாட்டி, மறுநுனியை, கொஞ்சம் புதுத் திரவம் விட்ட போத்தலினுள் அமிழ்த்தினேன். மகன் மிதிகட்டையில். "அமத்து" என்பேன், அமர்த்துவான். காணியைத் திறப்பேன், குமிழிகள் வரும். மூடுவேன். "விடு" என்பேன். மூடுமுன் அவன் காலை எடுத்துவிட்டால் காற்று மறுபடி உள்ளே போகும். ஆதலால் இருவருள் ஒருவர் ஏவவேண்டும், மற்றவர் கேட்கவேண்டும். மேலே திரவம் குறையுமுன் நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். வடிந்ததைத் திரும்ப ஊற்றலாகாது. கையிற் பட்டால் கழுவவேண்டும். பூச்சிற் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றவேண்டும், அல்லாவிடின் பூச்சு உரிந்துவிடும். ஏறக்குறைய நாற்பது தடவை. கடைசியில் குமிழி நின்றது. பதினெட்டு வயதுப் பையனொருவன் தகப்பன் சொன்னபடி நாற்பது தடவை தொடர்ந்து செய்ததும் எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் முதன்முறை.

நான்கு சில்லுக்கும் இவ்வாறு செய்தபின், எஞ்சினை உயிர்ப்பிக்காமல், மிதிகட்டையை முழுப்பலத்தோடு ஒரு நிமிடம் அமர்த்திப் பிடிக்கச் சொன்னேன். அசையவில்லை. நான் ஒளிவிளக்கோடு கீழே குனிந்து ஒவ்வொரு பொருத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.

முதலோட்டம் முற்றத்துக்குள், நடைவேகத்தில். இரண்டாவது, ஆளில்லாத ஒழுங்கையில், மணிக்கு 20 கிலோமீற்றரில். அண்ணை மதிலோரம் கதிரை போட்டு இருந்தார். வண்டி நேராக நின்றது. புது லைனிங் றம்மோடு இணங்கச் சில நாட்கள் செல்லும். அதுவரை கடுமையாக மிதிப்பதையும் பெருந்தெருவிலே வேகமாக ஓட்டுவதையும் தவிர்க்கவேண்டும்.

ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும். அந்த ஐம்பதில் இருபது கிலோமீற்றரை மகன் ஓட்டினான். நான் பக்கத்தில் இருந்தேன், வலக்கை கைப்பிறேக்கின்மேல். நட்டுகளை எதிரெதிர் ஒழுங்கில் அவனே இறுக்கினான். நன்றாக இறுக்கினான் என்று அவனிடம் சொன்னேன். அவன் குளிக்கப் போனபின், ஸ்பனரை எடுத்துக்கொண்டு போய் நானும் ஒரு தரம் இறுக்கிப் பார்த்தேன்.